மருந்து ஏறிய பின் சொல்லும் ‘சரி’: தமிழ்நாடு மாநில மனநல ஆணையத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மதுரையில் 22 ஆண்டுகளாக மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிந்துவருகிறேன். கெட்டமைன் என்னும் மயக்க மருந்தைப் பாலியல் சிக்கல்களுக்கான உளசிகிச்சையில் சேர்த்துக்கொள்ளும் அமெரிக்க வழக்கம் நம் ஊர் வாசலுக்கும் வந்துவிட்டது என்பதைச் சொல்லவும், அது உள்ளே நுழைவதற்கு முன் ஆணையம் செய்யக்கூடியவை சில இருக்கின்றன என்பதை எடுத்துரைக்கவும் இம்மடலை எழுதுகிறேன். தனிக் கடிதமாக அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆணையத்திடம் சொல்ல வேண்டியதில் பாதி, சிகிச்சை தேடி அலையும் தம்பதியரும் தெரிந்துகொள்ள வேண்டியதாக இருப்பதால் திறந்த மடலாக எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு பெண் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடும் அடையாளங்களை மாற்றியும் இதைச் சொல்கிறேன். வயது 29. திருமணமாகி 4 ஆண்டுகள் ஆகியும் கணவனும் மனைவியும் சேர்ந்ததில்லை. ‘விசேஷம் உண்டா’ என்ற கேள்வி தலைதீபாவளியிலேயே தொடங்கி, இரண்டாம் ஆண்டில் திருக்கருகாவூர் நெய்யாகி, மூன்றாம் ஆண்டில் கருத்தரிப்பு மையத்தில் வந்து நின்றிருந்தது. அந்த மையத்தில் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், கணவருக்கு விந்துப் பரிசோதனை என்று எல்லாம் எடுத்திருக்கிறார்கள். இருவரும் எப்போதாவது சேர்ந்திருக்கிறார்களா என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. என் எதிரே உட்கார்ந்து கைப்பையின் வாரை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தவர், பிறகு செல்பேசியை எடுத்து, நியூ ஜெர்சியில் இருக்கும் சித்தி மகள் அனுப்பிய குரல் பதிவு ஒன்றை ஓடவிட்டார். அந்தச் சகோதரிக்கும் இதே போன்ற அச்சம் இருந்ததாம். நாக்கின் அடியில் வைத்துக்கொள்ளும் கெட்டமைன் வில்லை வீட்டுக்கே தபாலில் வந்ததாம். போட்டுக்கொண்டு படுத்தால் உடம்பு தன்னுடையது இல்லாதது போல லேசாகிவிடுமாம். பதிவு முடிந்ததும் இவர் என்னிடம் கேட்டார்: “மேடம், அந்த மருந்தப் போட்டுக்கிட்டா எனக்குத் தெரியாமலே நடந்து முடிஞ்சிருமா?”

தன் உடம்பில் ஒன்று நடக்கும்போது, அந்த இடத்தில் தான் இல்லாமல் போய்விட வழியுண்டா என்று ஒரு பெண் கேட்கிறார். கேட்டவரை நான் குறை சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுகள் அந்த வீட்டில் இருந்திருந்தால் நானும் கேட்டிருப்பேன். ஆனால் இந்தக் கேள்விக்கு ‘ஆம், வாருங்கள்’ என்று பதில் சொல்லும் ஒரு மையம் நாளை இங்கே திறந்தால் அதைத் தடுத்துக் கேட்க யார் இருக்கிறார்கள் என்ற கவலை அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

கெட்டமைனை நம் மருத்துவமனைகளுக்கு அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. 1962இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்தில் தயாரிக்கப்பட்டு, 1970இல் அங்கே மயக்க மருந்தாக அனுமதி பெற்ற இது, மூச்சை அதிகம் ஒடுக்காது என்பதாலும் விலை மலிவு என்பதாலும் தாலுகா மருத்துவமனை அறுவை அரங்கு வரை இருக்கிறது. தீக்காயக் கட்டு மாற்றும்போது இதைப் போட்ட செவிலியர்கள் எல்லோருக்கும் ஒன்று தெரியும்: ‘கெட்டமைன் போட்டா உளறுவாங்க.’ கண் திறந்திருக்கும், ஆள் வேறெங்கோ இருப்பார். மிதப்பதாகச் சொல்வார், செத்துப்போன பாட்டியோடு பேசுவார், சிலர் அலறுவார்கள். மயக்கத்துக்குக் கொடுக்கும் அளவில் ஒரு பகுதியை, அதாவது உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம் என்ற கணக்கில் 40 நிமிடம் நரம்பு வழியே மெதுவாக ஏற்றினால், மனச்சோர்வு விரைவில் தணிகிறது என்பதை 2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களும், வேறு மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுகூடச் சில மணி நேரத்திலேயே தணிகிறது என்பதை 2006இல் அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தினரும் காட்டினார்கள். மற்ற மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க வாரக்கணக்கில் ஆகும் நிலையில், தற்கொலை எண்ணத்தோடு வரும் ஒருவருக்கு இந்த வேகம் எத்தனை பெரிய உதவி என்பதை நான் மறுக்கப்போவதில்லை. ஒரு முறை ஏற்றியதன் பலன் ஓரிரு வாரங்களில் தேய்ந்துவிடுகிறது என்பதும் உண்மை. இதன் உறவு மருந்தான எஸ்கெட்டமைன் மூக்குத் தெளிப்பானை 2019 மார்ச்சில் அனுமதித்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பதிவு பெற்ற மையத்தில், கண்காணிப்பில், குறைந்தது 2 மணி நேரம் உட்கார வைத்தே கொடுக்க வேண்டும் என்றும், மறுநாள் வரை வண்டி ஓட்டக் கூடாது என்றும் கட்டளையிட்டிருக்கிறது.

கெட்டமைன் துணையுடன் உளசிகிச்சை என்பது இதன் அடுத்த படி. மருந்தை ஏற்றிவிட்டு ஆளைத் தனியே படுக்க வைக்காமல், முன்னதாகச் சில அமர்வுகளில் பேசி, மருந்தின் போது சிகிச்சையாளர் உடனிருந்து, பின்பு அந்த அனுபவத்தில் தோன்றியவற்றை வைத்துத் தொடர்ந்து பேசுவது. அமெரிக்காவில் சில மையங்கள் இதைத் தம்பதியருக்கும், வன்கொடுமைக்கு ஆளாகிப் பின்னர் தொடுதலையே தாங்க முடியாமல் போனவர்களுக்கும், வெட்கத்தால் உறைந்துபோனவர்களுக்கும் வழங்குகின்றன. அவர்கள் சொல்லும் காரணத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. மனச்சோர்வு விலகினால் ஆசை திரும்ப வாய்ப்புண்டு. மனச்சோர்வுக்கு நாம் அன்றாடம் எழுதிக்கொடுக்கும் மாத்திரைகளில் பலவும் ஆசையைக் குறைக்கும், உச்சத்தைத் தள்ளிப்போடும் அல்லது தடுத்தேவிடும். அச்சத்தின் பிடி தற்காலிகமாகத் தளரும் ஒரு மணி நேரத்தில், இருபது ஆண்டுகளாகச் சொல்லாத ஒன்றை ஒருவரால் சொல்ல முடியலாம். ஆனால் இந்தக் காரணங்களுக்கும் ‘பாலியல் சிக்கலுக்குக் கெட்டமைன் சிகிச்சை’ என்ற பெயர்ப் பலகைக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. மனச்சோர்வுக்கு இருப்பதைப் போன்ற, ஒப்பீட்டுக் குழு வைத்து நடத்திய ஆய்வுகளின் பலம் பாலியல் சிக்கல்களுக்கு இல்லை. மனநோய் எதற்குமே கெட்டமைனைத் தான் அனுமதிக்கவில்லை என்றும், மருந்தகங்களே கலந்து தயாரித்து வீட்டுக்கு அனுப்பும் கெட்டமைனில் ஆபத்து உண்டு என்றும் 2023 அக்டோபரில் அந்த நாட்டு உணவு மருந்து நிர்வாகமே எச்சரித்தது. பெருந்தொற்றுக் காலமான 2020இல் நேரில் பார்க்காமலேயே இத்தகைய மருந்துகளை எழுதிக்கொடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தியதன் வழியாகத்தான் சித்தி மகள் வீட்டுக்குத் தபால் வந்தது.

நம்மிடம் அந்த வழி அடைபட்டிருக்கிறது. அதற்கு நன்றி சொல்ல வேண்டும். 2011இல் கெட்டமைன் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் உளப்பாதிப்புப் பொருள்கள் பட்டியலில் சேர்ந்தது. 2013 டிசம்பரில் மருந்து விதிகளின் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியலான அட்டவணை எக்ஸில் சேர்க்கப்பட்டதால், மருத்துவர் இரண்டு பிரதிகளாக எழுதிய சீட்டு இல்லாமல் கடைக்காரர் கொடுக்க முடியாது, ஒரு பிரதியை 2 ஆண்டுகள் வைத்திருக்கவும் வேண்டும். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ நெறிமுறைகள் அட்டவணை எக்ஸ் மருந்துகளைத் தொலைபேசியிலோ காணொளியிலோ எழுதிக்கொடுப்பதைத் தடைசெய்கின்றன. ஆகவே நம் கவலை தபால் வில்லை அல்ல. மருத்துவர் ஒருவர் தன் அறையில், தன் கையால், சட்டப்படி வாங்கிய மருந்தை ஊசியாகப் போட்டு, பக்கத்தில் ‘பாலியல் ஆலோசகர்’ என்று ஒருவரை உட்கார வைத்துக்கொள்வதை மேற்சொன்ன எதுவும் தடுக்கவில்லை. மருந்துப் பெட்டிக்குப் பூட்டு உண்டு. அந்த அறைக்கு இல்லை.

அறையைப் பற்றித்தான் நான் அதிகம் பேச வேண்டும். பாலியல் சிகிச்சை பெற வருகிறவர், வேறு எந்த மருத்துவரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பவர். கெட்டமைன் ஏறியவர், தன் கை எங்கே இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாதவர். இந்த இரண்டு நிலைகளும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் கூடும்போது, எதிரே இருப்பவரின் நேர்மை ஒன்றைத் தவிர அவருக்கு வேறு காவல் இல்லை. 2015இல் கனடாவின் வான்கூவரில், மனவடுவுக்கு எம்.டி.எம்.ஏ. என்ற வேறொரு மருந்தைக் கொண்டு நடத்திய ஆய்வில், சிகிச்சையாளர்களாக இருந்த கணவனும் மனைவியும் மருந்தேறிய பெண்ணை அழுத்திப் பிடித்ததும், அவரோடு படுக்கையில் ஒட்டிப் படுத்ததும் காணொளியில் பதிவாகியிருந்தன. அந்த ஆண் பின்னர் அவரோடு பாலுறவும் வைத்துக்கொண்டார். அந்த ஆய்விடத்தின் நெறி மீறல்களைக் காரணம் காட்டி ஓர் ஆய்விதழ் 2024 ஆகஸ்டில் 3 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. வேறு மருந்து, வேறு நாடு என்று இதை நாம் கடந்துவிடக் கூடாது. அங்கே பாதுகாப்பு என்று எண்ணிச் செய்யப்பட்டவை அனைத்தும் இருந்தன என்பதுதான் என்னை உறுத்துவது. ஒருவர் போதாது என்று இரண்டு சிகிச்சையாளர்கள் இருந்தார்கள்; அவர்களில் ஒருவர் பெண்; கேமரா ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவுகள் வெளியுலகுக்குத் தெரியவர ஆண்டுகள் ஆயின.

எனவே, ‘அறையில் ஒரு பெண் இருக்க வேண்டும்’ என்று மட்டும் ஆணையம் எழுதினால் போதாது. அந்த மூன்றாவது ஆள் சிகிச்சையாளரின் மனைவியாகவோ, அவரிடம் சம்பளம் வாங்கும் உதவியாளராகவோ இருந்தால் அவர் இருப்பதும் இல்லாததும் ஒன்றே. ரத்த அழுத்தத்தையும் ஆக்சிஜன் அளவையும் பார்க்கத் தெரிந்த, அந்தச் சிகிச்சையாளருக்குக் கட்டுப்படாத, நிறுத்துங்கள் என்று சொல்லவும் அப்படிச் சொன்னதைப் பதிவேட்டில் எழுதவும் அதிகாரம் பெற்ற செவிலியர் வேண்டும். இது மருத்துவருக்கும் காவல்தான். மயக்க மருந்துகளின் பிடியில் காமம் தொடர்பான தோற்றங்கள் தோன்றி, நடக்காத ஒன்று நடந்ததாக நோயாளி உறுதியாக நம்புவதும் உண்டு என்பது மயக்கவியல் மருத்துவர்களுக்குப் பழைய செய்தி. நடந்ததை நடக்கவில்லை என்று மூடவும், நடக்காததை நடந்தது என்று நம்பவும் இடமுள்ள அறையில், சாட்சி இல்லாமல் யாருமே வேலை செய்ய முன்வரக் கூடாது.

தொடுதல் பற்றி இன்னும் ஒன்று. பயத்தில் நடுங்குகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வது மனித இயல்பு. அதைத் தடைசெய்யச் சொல்ல மாட்டேன். ஆனால் எங்கே தொடலாம், எங்கே கூடாது, கையை மட்டுமா தோளையுமா என்பதை மருந்துக்கு முந்தைய நாளே, தெளிந்த மனநிலையில் பேசி, தமிழில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். மருந்து ஏறிய பின் அந்த எல்லையைக் குறுக்கலாமே தவிர விரிக்கக் கூடாது. வேண்டாம் என்று அவர் எந்த நிலையில் சொன்னாலும் அது செல்லும்; பரவாயில்லை, சரி, அணைத்துக்கொள்ளுங்கள் என்று மருந்தின் பிடியில் சொன்னால் அது செல்லாது. இந்த ஒரு விதியை மட்டும் ஆணையம் எழுதினால்கூட இம்மடல் எழுதியதற்குப் பலன் உண்டு என்பேன்.

அடுத்தது, நம் சமூகத்துக்கே உரிய சிக்கல். அமெரிக்க மையங்களின் படிவங்களை நாம் அப்படியே மொழிபெயர்த்துக்கொண்டால் இது விடுபட்டுப்போகும். அங்கே தனி ஆளாக வந்து கேட்பவரை மனதில் வைத்துப் படிவம் எழுதப்பட்டது. இங்கே பெண்ணை அழைத்து வருவது கணவர். சில நேரம் மாமியார். பணம் கட்டுவதும் அவர்கள். ஒரு பெண்ணோடு நான் தனியே பேச வேண்டும் என்று சொன்னதற்கு, “எங்க முன்னாடி சொல்ல முடியாதது அப்படி என்ன இருக்கு?” என்று கேட்ட மாமியாரை வெளியே உட்கார வைக்க எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. அப்படிப்பட்ட குடும்பம், ‘ஆறு ஊசியில் சரியாகிவிடும்’ என்று கேள்விப்பட்டால் அந்தப் பெண் மறுக்க இடம் எங்கே? போதைப்பொருள் கொடுத்துப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்று குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அதே பிரிவு, 18 வயதுக்குக் குறையாத மனைவியோடு கணவன் கொள்ளும் உறவைக் குற்றத்திலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. திருமணமான பெண்ணுக்கு நீதிமன்றம் தர முடியாத காவலைச் சிகிச்சை நெறிமுறைதான் தர வேண்டியிருக்கிறது. கணவன், மனைவி இருவரிடமும் தனித்தனியே, வேறு வேறு நாளில் சம்மதம் கேட்பதும், ஒருவர் மறுத்தால் ‘மருத்துவக் காரணங்களால் இது பொருந்தாது’ என்று மட்டும் மற்றவரிடம் தெரிவிப்பதும், மறுத்தவர் பெயரை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் இரகசியக் காப்பு விதிப்படி காப்பதும் கட்டாயமாக வேண்டும்.

இதே குடும்ப அழுத்தம் இன்னொரு பக்கமும் வேலை செய்யும். தன்பாலின ஈர்ப்புடைய மகனையோ மகளையோ ‘மாற்றித் தாருங்கள்’ என்று கூட்டி வரும் பெற்றோரை நான் மாதம் ஒரு முறையாவது பார்க்கிறேன். சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூனில் தந்த உத்தரவும், அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இத்தகைய மாற்றுச் சிகிச்சையைத் தொழில்முறைத் தவறு என்று அறிவித்ததும் மருத்துவர்களின் கையைக் கட்டியிருக்கின்றன. ‘ஆலோசகர்’ என்று பலகை மாட்டியவரைக் கட்டவில்லை. மனதை இளக்கும் மருந்து என்று கேள்விப்பட்ட தகப்பனார் அதை எதற்கு நாடுவார் என்று ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். இது வீண் பயமும் அல்ல. 1960களில் இங்கிலாந்தில் எல்.எஸ்.டி. என்ற மாயத்தோற்ற மருந்தைத் தன்பாலின ஈர்ப்பை ‘மாற்ற’வும், பெண்களின் ‘உணர்ச்சியின்மை’யைப் போக்கவும் மருத்துவர்களே கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

விளம்பரத்தைப் பற்றி நான் நீட்டி எழுத வேண்டியதில்லை. நாம் அனைவரும் பேருந்து நிலையச் சுவர்களைப் படித்து வளர்ந்தவர்கள். ‘நரம்புத் தளர்ச்சியா? இளமையில் செய்த தவறா?’ என்ற கேள்வியும், மாதத்தின் இன்ன தேதியில் இன்ன லாட்ஜில் சந்திக்கலாம் என்ற பதிலும் எத்தனை இளைஞர்களின் முதல் மாதச் சம்பளத்தை விழுங்கியிருக்கின்றன என்பதற்குக் கணக்கில்லை. பாலின்பத் திறனைக் கூட்டும் என்று எந்த மருந்தையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று 1954ஆம் ஆண்டின் மாய மருந்துகள் விளம்பரத் தடைச் சட்டம் சொல்லி 70 ஆண்டுகள் கடந்துவிட்டன. லேகியம் இருந்த இடத்தில் ‘நெருக்கத்தை மீட்கும் நரம்பியல் சிகிச்சை’ என்று வழுவழுப்பான அட்டையில் அச்சிட்டு, நடிகை சிரிக்கும் படத்தோடு கெட்டமைன் வந்தால், அதுவும் அந்தச் சட்டத்துக்குள்தான் வருகிறது என்று ஆணையம் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு இப்போதே எழுதிவைக்கலாம்.

இவ்வளவு தடைகளைக் கேட்கும் நான், கெட்டமைனே வேண்டாம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். மனச்சோர்வு தீவிரமாகி, அதனால் இல்லறமும் உடைந்து நிற்கும் ஒருவருக்கு, மனநல மருத்துவர் ஒருவரின் பொறுப்பில், மருத்துவமனையில், மனச்சோர்வுக்காக அதைக் கொடுப்பதை நான் எதிர்க்க மாட்டேன். என்னிடம் வந்த இருவரை நானே அப்படி அனுப்பியிருக்கிறேன். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவருக்கும், மனச்சிதைவு கண்டவருக்கும் அது ஆகாது. தொடர்ந்து எடுத்துப் பழகினால் சிறுநீர்ப்பை புண்ணாகிச் சுருங்கிப்போகக்கூடும்; அரை மணிக்கு ஒரு முறை கழிப்பறைக்கு ஓடும் நிலை வந்த பின் இல்லற இன்பம் என்ற பேச்சுக்கே இடமிராது. இதை விளம்பர அட்டைகளில் யாரும் அச்சிடுவதில்லை.

என் மனத்தாங்கல் வேறிடத்தில் இருக்கிறது. கடைசிப் படியில் வர வேண்டிய மருந்தை முதல் படியில் வைக்கும் அவசரம் எப்படி வந்தது என்று கேட்டால், முதல் படியே நம்மிடம் இல்லை என்பதுதான் பதில். அந்தப் பெண்ணுக்கு இருந்தது வெஜைனிஸ்மஸ். உறவுக்கு முயலும்போது இடுப்புத் தளத் தசைகள் தாமாக இறுகிக்கொள்ளும். அவர் வேண்டுமென்று செய்வதில்லை, வேண்டாமென்று நினைத்து நிறுத்தவும் முடியாது. இதற்கு மருந்து வேண்டியதில்லை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துப் பாலியல் ஆய்வாளர்கள் மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970 வாக்கில் வகுத்துத் தந்த முறையை, நம் வீடுகளின் நிலைமைக்கு ஏற்பத் திருத்திக்கொண்டு நான் செய்வது இவ்வளவுதான்: முதலில் உடலுறவு முயற்சியையே நிறுத்தச் சொல்வது, பயமில்லாத தொடுதலில் தொடங்குவது, மூச்சுப் பயிற்சி, தசையை இறுக்கித் தளர்த்தப் பழகுவது, பிறகு விரல் நுனியளவிலிருந்து தொடங்கி அளவு அளவாக டைலேட்டர் என்னும் வழவழப்பான விரிப்புக் குழல், அதையும் அவர் கையாலேயே. மூன்று வாரத்துக்கு உறவே கூடாது என்று சொன்னபோது அந்தக் கணவர் சிரித்துவிட்டார். “நாலு வருஷமா அதத்தான மேடம் செஞ்சுக்கிட்டு இருக்கோம்?” என்றார். மனைவியும் சிரித்தார். என் அறையில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான் முதல் முறை. வீட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை இல்லாததால் ஒரு பயிற்சி இரண்டு வாரம் தள்ளிப்போனது என்பதையும் குறித்துக்கொள்கிறேன். அமெரிக்கப் பாடநூல்களில் இதற்குத் தீர்வு இல்லை, உள்ளூர்த் தச்சரிடம் இருந்தது.

இதைச் செய்யத் தெரிந்தவர்கள் மாவட்டத்துக்கு எத்தனை பேர்? பாலியல் சிகிச்சையாளர் என்று தன்னை அழைத்துக்கொள்ள நம் நாட்டில் தனி உரிமம் எதுவும் தேவையில்லை. அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளர் பிரிவில் ஒரே அறையில் இரண்டு மேசைகள் போட்டிருக்கும். அடுத்த நோயாளி நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மாத்திரையால் ஆசை போய்விட்டது என்று அங்கே உட்கார்ந்து எந்த ஆண் சொல்வார், எந்தப் பெண் சொல்வார்? சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். நோய் திரும்பும்போது ‘ஒழுங்காக மருந்து சாப்பிடவில்லை’ என்று சீட்டில் எழுதுகிறோம். மாவட்ட மனநலத் திட்டத்தின் உளவியலாளர்களுக்கும், 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணான டெலி மானஸில் அழைப்பை எடுப்பவர்களுக்கும் இல்லற உறவைப் பற்றிக் கூசாமல் கேட்கவும், அடிப்படை விளக்கம் தரவும், யாரிடம் அனுப்புவது என்று அறியவும் ஒரு வாரப் பயிற்சி கொடுத்தாலே, லாட்ஜ் வாசலில் நிற்பவர்களில் பாதிப் பேர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பாலியல் செயல்பாட்டுக் குறைகளை மனநோய் அத்தியாயத்திலிருந்து எடுத்துப் பாலியல் நலம் என்ற தனி அத்தியாயத்தில் வைத்துவிட்டது. அதனால் மகளிர் மருத்துவமும் மனநலமும் ‘இது உங்கள் துறை’ என்று ஒன்றையொன்று கைகாட்டும் பழக்கத்துக்கு இன்னும் ஒரு சாக்குக் கிடைத்துவிடாமல் பார்க்கும் வேலையும் ஆணையத்துடையது.

இனி, ஆணையத்தின் அதிகாரத்துக்குள் நேராக வரும் ஒன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி மனநல நிறுவனங்களைப் பதிவு செய்வது தங்கள் பொறுப்பு. ஆனால் மனநலப் பாதிப்புள்ளோர் சேர்க்கப்பட்டுத் தங்கும் அல்லது வைத்துப் பராமரிக்கப்படும் இடமே நிறுவனம் என்பதால், ஆலோசனை மட்டும் தரும் வெளிநோயாளர் அறைகள் அதற்குள் வருவதில்லை. கெட்டமைன் மையம் தன்னை அப்படியொரு அறை என்றுதான் சொல்லிக்கொள்ளும். அந்த வரையறையில் ‘தற்காலிகமாகவோ வேறு வகையிலோ’ என்ற பொருளில் ஒரு சொற்றொடர் இருக்கிறது. தன்னினைவு கலைந்த நிலையில், தானாக எழுந்து வீட்டுக்குப் போக முடியாத ஒருவரை 2 மணி நேரமோ 4 மணி நேரமோ வைத்திருப்பதும் தற்காலிகமாக வைத்திருப்பதே என்று ஆணையம் ஒரு சுற்றறிக்கையில் பொருள் விளக்கம் தரலாம். அப்படித் தந்தால் ஆய்வு, பதிவேடு, புகார் வழி ஆகிய அனைத்தும் அதன் பின்னாலேயே வந்துவிடும். புதிய சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சட்ட வல்லுநர்கள் இதை மறுக்கலாம். மறுத்தால், எந்தக் காரணத்தால் என்று எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்; அரசிடம் சட்டத் திருத்தம் கேட்க அது உதவும்.

மேலே சொன்ன சம்மதப் படிவத்தின் தமிழ் வரைவு ஒன்றை, என்னோடு பணிபுரியும் ஒரு மயக்கவியல் மருத்துவர், ஒரு மகப்பேறு மருத்துவர், ஒரு வழக்கறிஞர் ஆகியோரின் துணையோடு 6 பக்கத்தில் எழுதியிருக்கிறேன். தொடுதல் எல்லைக்கான பக்கத்தில் மட்டும் உடலின் கோட்டுப்படம் இருக்கிறது. படிக்கத் தெரியாதவரும் விரலால் காட்டி அடையாளமிட வசதியாக இருக்கும். ஆணையம் நேரம் ஒதுக்கினால் நேரில் கொண்டுவந்து தருகிறேன். செவ்வாய், வெள்ளி தவிர எந்த நாளும் எனக்கு ஏற்றது, அவ்விரு நாளும் தம்பதியரைப் பார்க்கும் நாள்.

இப்படிக்கு,
மருத்துவ உளவியலாளர் ஒருவர்,
மதுரை.